பொருத்தம் பார்த்தல்

எங்கள் கல்யாணத்துக்கு யாரும் பொருத்தம் பார்க்கவில்லை.
வேதக்காரக் குடும்பம், ஜாதகம் கீதகம் கிடையாது.
மூன்று ஞாயிறு கோவிலில் ஓலை வாசித்தார்கள்.
தடை சொல்ல ஒருவரும் எழும்பவில்லை.

இருபத்திரண்டு வருசம் கழித்து
தடை சொல்ல எழும்பியது என் ரத்தம்.

அவருடைய அணுக்களையும்
என் ரத்தத்தின் தெளிநீரையும்
ஒரு குழிக்குள் ஒன்றாக விட்டுப் பார்த்தார்களாம்.
திருவனந்தபுரத்திலிருந்து காகிதம் வந்தது:
பாசிட்டிவ்.
"நல்லதுதானே" என்றார் ஞானசிகாமணி,
கிட்னி தரச் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு வந்தவர்.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.
அப்படி வைத்தால் என்ன என்று
ஆசாரிப்பள்ளம் டயாலிசிஸ் வார்டில் எல்லோருக்கும் தெரியும்.

"ரெண்டு பிரசவம். அதுக்கு மேல நாலு பாட்டில் ரத்தம்.
உங்க உடம்பு இவரை எதிரியாப் படிச்சு வச்சிருக்கு."

பிரசவம் புரிந்தது.
அவர் சாயலில் இரண்டை ஒன்பது ஒன்பது மாதம் சுமந்ததில்
எனக்கே தெரியாமல் உடம்பு கணக்கு எழுதி வைத்திருக்கிறது.
ரத்தம்தான் புரியவில்லை.
ஐந்துக்குக் கீழே இறங்கி
நாற்றங்காலில் கன்றுக்கூடையோடு விழுந்த அன்று
நீங்கள்தானே ஏற்றினீர்கள்?

"ஏத்தாம விட்டிருந்தா இந்த நாற்காலியில
நீங்க இருக்க மாட்டீங்க" என்றார்.
கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்தார்.
"எங்க வாத்தியார்மார் காலத்துல
வேணும்னே ஏத்துவாங்க, மாத்து கிட்னி வைக்கிறதுக்கு முன்னால.
ஏத்தினவங்களுக்குத்தான் அது ரொம்ப நாள் நின்னது.
ஏன்னு யாருக்கும் சரியாச் சொல்லத் தெரியல.
பிறகு நல்ல மருந்து வந்தது,
அந்த லாபம் கரைஞ்சு போச்சு.
நஷ்டம் மட்டும் பாக்கி."

இனி ரத்தம் முடிந்தவரை வேண்டாம். ஊசி போடலாம்.
பெயரைப் பட்டியலில் எழுதலாம்.
யாரோ, எங்கோ, பொருந்தி வந்தால்.

குலசேகரத்தில் என் வேலையே ஒட்டுக் கட்டுவதாக்கும்.
ரப்பர் கன்றின் பட்டையில் கதவு போலக் கீறி
மேல்சாதி மரத்தின் மொட்டை வைத்து
பாலித்தீன் நாடாவால் இறுக்க வேண்டும்.
அதற்கு முன்னால் துணியால் துடைக்க வேண்டும்,
வடிகிற பாலை.
பால் உள்ளே நின்றால் ஒட்டு பிடிக்காது.
ஒரு நாளைக்கு இருநூறு கன்று துடைத்த கை இது.

மறுநாள் இருபத்தொரு நாள் முடிந்த வரிசை.
நாடாவை அவிழ்த்து நகத்தால் லேசாகக் கீறினேன்.
பச்சை. பச்சை. கறுப்பு. பச்சை.
கறுப்பை வீசவில்லை.
அதே கன்றில் மறுபக்கம் இன்னொரு முறை கட்டலாம்,
கன்றுக்கு மறுபக்கம் இருக்கும்.

மாலை ஊசிக்கு ஆசாரிப்பளளம் போகப் பஸ் ஏறினேன்.
கண்டக்டர் தாணுலிங்கம்.
என் மூன்றாவது பாட்டில் இவருடையது என்று
இவர் நம்புகிறார்.
இவர் கொடுத்தது ரத்த வங்கிக்குப் போனது,
வங்கி எனக்குக் கொடுத்தது வேறு யாருடையதோ.
முட்டத்து மீன்காரருடையதா,
தக்கலையில் பரீட்சைக்கு முந்தின நாள் கொடுத்த பையனுடையதா,
பையின்மேல் ஒரு எண்தான் ஒட்டியிருந்தது.

"என்னக்கா, நம்ம ரத்தம் எப்படி? சண்டை போடாம இருக்கா?"
பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது.
ஞானசிகாமணி வெளியே பார்த்தார்.

"சமாதானமா இருக்கு" என்றேன்.

விசிலை வாயில் வைத்துக்கொண்டே சிரித்தார்.
பெண்களுக்கான சீட்டைக் கிழித்து என் கையில் வைத்தார்,
கட்டணம் என்ற இடத்தில் பூஜ்யம்.
சுங்கான்கடை இறக்கம் வரைக்கும்
அதை மடிக்காமல் வைத்திருந்தேன்.